பூரி பிழைத்த கதை

நாய்க்குட்டி இருக்கும் வீடு எது, இல்லாத வீடு எது என்று தெரிந்துகொள்ள உள்ளே போய் விசாரிக்க வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் போதும். ஜோடி ஜோடியாக இருந்தால் குட்டி இல்லாத வீடு. ஒற்றை ஒற்றையாக இருந்தால், கொல்லைப்புறம் வரையில் போய்ப் பாருங்கள். மற்றொன்றை வாயில் கவ்விக்கொண்டு, வாலையும் ஆட்டிக்கொண்டு குற்றவாளி அங்கே நிற்கும்!

புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்துப் பக்கம் இருக்கிற என் சித்தியின் வீடு போன வருஷம் வரையில் ஜோடிச் செருப்பு வீடாகத்தான் இருந்தது. பிள்ளைகள் வெளியூரில். சித்தியும் சித்தப்பாவும் மட்டுமே அந்தப் பெரிய வீட்டில். சித்தப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தம்முடைய மூக்குக் கண்ணாடியும் பேனாவும் பத்திரிகையும் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்கிற சுபாவம். அப்படிப்பட்ட வீட்டில் மழைக்கு ஒதுங்க வந்தது ஒரு செம்பட்டை நிறத் தெருக்குட்டி. மழை விட்டது, குட்டி போகவில்லை. பால் குடித்த வயிறு எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிக்கொண்டு நின்றதால் சித்தி அதற்குப் 'பூரி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"நாயின் இளமைப் பெயர் குட்டி இல்லை, குருளை. தொல்காப்பியத்தில் இருக்கிறது" என்று சித்தப்பா ஆட்சேபித்தார். ஆட்சேபணை நாய்க்கல்ல, இலக்கணத்துக்கு என்று தெரிந்ததும் சித்திக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் மரபியலைப் புரட்டிப் பார்த்தேன். நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் குருளை என்று பெயர் சொன்ன தொல்காப்பியர், சற்றுத் தள்ளி, குட்டி என்றாலும் தடையில்லை என்று பெரிய மனத்தோடு விட்டுக்கொடுத்திருக்கிறார். சித்தப்பாவும் விட்டுக்கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் பத்திரிகை படிக்கிற அவருடைய காலடியில்தான் பூரிக்குத் தூக்கம்.

சகோதரிகளே, வீட்டிலே செல்லப் பிராணி வைத்திருப்பவர்களும் சரி, தெருவில் திரிகிற ஜீவன்களுக்கு ஒரு பிடி சோறு போடுகிறவர்களும் சரி, இதற்கு மேல் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நம்முடைய பாட்டிமார்களுக்குக் குழந்தை வைத்தியம் தெரிந்திருந்தது. மாட்டு வைத்தியமும் தெரிந்திருந்தது. நமக்கோ, நாய்க்குட்டிக்கு ஆபத்து என்றால் 'ஐயோ!' என்று கத்துவதைத் தவிர வேறு என்ன தெரிகிறது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் லீவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை ஆறரை மணி இருக்கும். கோயிலுக்குப் போவதற்காகச் சித்தப்பா தம்முடைய பழைய காரைப் பின்பக்கமாக எடுத்தார். காருக்கு அடியில் நிழல் இருக்கும்; குளிர்ச்சியான சிமெண்டுத் தரை இருக்கும். நாய்க்குட்டிக்கு அதைவிட நல்ல படுக்கை ஏது? நான் வாசற்படியில் நின்று பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன். 'வீல்' என்று ஒரு சத்தம். இப்படி ஒரு சத்தம் இத்தனை சிறிய உடம்பிலிருந்து வருமா என்று திகைத்துப் போனேன். பின்சக்கரம் பூரியின் இடது பின்னங்காலின் மேல் ஏறி இறங்கிவிட்டது.

சித்தப்பா காரை விட்டு இறங்கினார். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. குட்டி மூன்று கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு துளசி மாடத்தின் பின்னால் போய்ச் சுருண்டுவிட்டது. அவர் பதறிக்கொண்டு ஓடி அதை அள்ளி எடுத்தார். அவ்வளவுதான். தினம் அவர் விரலை நக்குகிற அதே வாய், அவருடைய கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்துவிட்டது!

இதில் குட்டியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. வலியில் இருக்கிற மிருகத்துக்கு எஜமானன் யார், எதிரி யார் என்று தெரியாது. பச்சைக் குழந்தை மாதிரி பழகுகிற நாய்கூட அடிபட்ட நிமிஷத்தில் கடிக்கும். ஆகவே முதல் பாடம் இதுதான்: ஓடிப்போய் அள்ளாதீர்கள்.

இந்த அமளியில் நிதானம் இழக்காமல் இருந்தவள் சித்தி ஒருத்திதான். அவள் கிராமத்தில் ஆடு மாடுகளோடு வளர்ந்தவள். அடுக்களையிலிருந்து வந்தவள் ஒரு வார்த்தை அழவில்லை. "எல்லாரும் சத்தம் போடாமே இருங்க" என்றாள். ஒரு பழைய பருத்தித் துண்டைக் கிழித்து, குட்டியின் மூக்குக்குப் பின்னால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்கு அடியில் குறுக்கே விட்டு, காதுகளுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். வாந்தி எடுக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டுதான் கட்டினாள். திணறுகிற பிராணிக்கு வாய்க்கட்டுப் போடக் கூடாது.

பிறகு சப்பாத்திப் பலகையைக் கொண்டுவரச் சொன்னாள். வளர்ந்த நாயாக இருந்தால் கட்டில் பலகையோ, நான்கு பேர் பிடித்த கெட்டிப் போர்வையோ வேண்டும். இவளுக்குச் சப்பாத்திப் பலகையே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அதன்மேல் துணியை விரித்து, குட்டியை அப்படியே நகர்த்திப் படுக்க வைத்தாள். முதுகு வளையாமல் வைப்பது முக்கியம். வெளியில் தெரிகிற காயம் காலில் இருக்கலாம். தெரியாத காயம் முதுகெலும்பில் இருந்தால்? தொங்குகிற காலை அவள் நிமிர்த்தவும் இல்லை, இழுத்துப் பார்க்கவும் இல்லை. மேலே ஒரு கம்பளியைப் போர்த்தினாள். அதிர்ச்சியில் உடம்பு சில்லிட்டுப் போகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணம் பாலோடு ஓடி வந்தாள். பாவம், நல்ல மனசு. இன்னொருவர், "வலிக்கு அரை மாத்திரை கரைத்துக் கொடுங்களேன்" என்றார். சித்தி இரண்டையும் மறுத்துவிட்டாள். பின்னால் டாக்டர் இதற்காகவே அவளைப் பாராட்டினார். அடிபட்ட பிராணிக்கு மயக்க மருந்து கொடுக்க நேரலாம். வயிற்றில் பால் இருந்தால் அது மேலேறி மூச்சுக்குழலில் போய்விடும். மாத்திரையோ இன்னும் ஆபத்து. நாம் சர்வசாதாரணமாக விழுங்குகிற வலி மாத்திரைகளில் சில நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரையே எமனாகிவிடக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மிருக வைத்தியருக்கு எங்கே போவது? நான் செல்போனை எடுத்துக்கொண்டு தெரிந்தவர்களையெல்லாம் அழைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது அழைப்பில் ஓர் இளம் டாக்டரம்மாளின் எண் கிடைத்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். "மூச்சு எப்படி விடுகிறது? ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது?" என்று இரண்டே கேள்வி கேட்டார். "வெளுத்திருக்கிறது" என்றேன். "உடனே கொண்டு வாருங்கள். நான் கிளினிக்கைத் திறந்து வைக்கிறேன்" என்றார்.

ஆட்டோவில் ஏறினோம். மடியில் பலகை, பலகையில் பூரி. புதுக்கோட்டை வீதிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோடு கிழித்துக் கட்டம் போட்ட மாதிரி நேர் நேராகப் போகும். சமஸ்தான காலத்தில் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியார் நகரத்தைச் சீர்படுத்தின பெருமையை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள். அந்த நேர் வீதிகளிலும் அன்று ஒவ்வொரு வேகத்தடையும் எனக்கு மலையாகத் தெரிந்தது. ஆட்டோக்காரர் ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி, பிரசவத்துக்குப் போகிற பெண்ணை ஏற்றிச் செல்வது போல் ஓட்டினார். இறங்கும்போது, "நாய்க்குட்டிக்கு எதுக்கம்மா காசு?" என்று வாங்க மறுத்துவிட்டார்.

டாக்டரம்மாள் காலைப் பார்க்கவே இல்லை! எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டுமாம். பூரிக்கு அதற்கும் மேல் ஆயிற்று. பிறகு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார். சூடு பார்த்தார். நாய்க்கு 101-லிருந்து 102½ டிகிரி வரையில் இருப்பதுதான் இயல்பு. நமக்கு ஜுரம் என்று கஷாயம் போடுகிற சூடு அதற்குச் சுகம். பூரிக்கு 99-தான் இருந்தது.

"ஒடிந்த கால் நாளைக்கும் காத்திருக்கும், அம்மா. இரத்த ஓட்டம் காத்திருக்காது" என்றார். முன்னங்காலில் நூல் மாதிரி இருந்த ரத்தக் குழாயில் ஊசி ஏற்றி, இளஞ்சூடான சலைன் சொட்டுச் சொட்டாக இறங்கச் செய்தார். வலி குறைய ஊசி போட்டார். எக்ஸ்ரே மறுநாள்தான் என்று சொல்லிவிட்டார். அதிர்ச்சியில் இருக்கும் பிராணியைப் புரட்டிப் படம் எடுப்பதே அதன் உயிருக்கு வினையாகலாமாம்.

அப்புறம் காத்திருந்தோம். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? குட்டி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று! வண்டியில் அடிபட்ட பிராணிக்கு மூத்திரப்பை கிழிந்திருக்கலாம். ஈரலில் ரத்தம் கசியலாம். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள திரை கிழிந்து குடல் மேலே ஏறியிருக்கலாம். இவை எதுவும் முதல் மணியில் வெளியே தெரியாமல் போகலாம். எழுந்து நடக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுபோய், நள்ளிரவில் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர் என்றார் டாக்டர். ஆகவே ஒரு நாள் முழுவதும் கண்காணிப்பு அவசியம். ஒன்பதரை மணிக்கு, விரித்திருந்த துணியில் ஒரு ஈரவட்டம் பரவிற்று. ரத்தக் கலப்பு இல்லாத, சுத்தமான மஞ்சள் நிறம். கோயில் தீர்த்தம் கிடைத்ததுபோல் சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள்!

அப்போதுதான் டாக்டரின் பார்வை சித்தப்பாவின் கட்டைவிரல் மேல் விழுந்தது. "இது என்ன, சார்?" என்றார். அவர், "ஒன்றுமில்லை, சின்னக் கீறல்" என்று கையை மடக்கிக்கொண்டார். வந்ததே கோபம் அந்த அம்மாளுக்கு! குழாயடியில் கொண்டுபோய் நிறுத்தி, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொன்னார். "இங்கிருந்து நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்" என்றார்.

தடுப்பூசி போடாத குட்டி, அதுவும் தெருவிலிருந்து வந்தது. சின்னக் குட்டிதானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. வெறிநோய் கண்டபின் காப்பாற்ற வழி இல்லை. காணாமல் தடுக்கத்தான் வழி இருக்கிறது. 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்குத் தம்முடைய தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்திப் பிழைக்க வைத்தார். தென்னாட்டில் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அந்த நாளில் நாய் கடித்தவர்கள் அதற்காக மலையேறிப் போய்த் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள் என்பதைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு மலையேற வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள். தோலில் போடும் முறையானால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தவணை. ரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போடுவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயந்து நடுங்கிய காலமெல்லாம் மலையேறிவிட்டது.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் எலும்பு நடுவில் ஒடிந்திருந்தது. ஆனால் பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பு ஒடியாமல் நின்றிருந்தது. "பார்த்தீர்களா? இயற்கையே ஒரு சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறது" என்று படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். குட்டிகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. மேல்தோல் போன்ற உறை தடிப்பாக இருப்பதால் சீக்கிரம் கூடிவிடும். வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கிற காரியம் குட்டிக்கு நான்கு வாரத்தில் ஆகிவிடும். பயமெல்லாம் எலும்பின் முனைகளில் இருக்கிற வளர்ச்சிக் கோட்டைப் பற்றித்தான். அங்கே அடிபட்டால் கால் குட்டையாகவோ கோணலாகவோ போய்விடும். பூரி தப்பித்தாள்.

எதிர்வீட்டு அம்மாள், முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டுக் கட்டினால் எலும்பு கூடிவிடும் என்று சொல்லியிருந்தாள். டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "கட்டு இறுகிக் காய்ந்துவிடும், குட்டியோ தினமும் வளருகிறது. கட்டு வளராதே! ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க நேர்ந்த குட்டிகள் உண்டு" என்றார். அதனால்தான் அவர் போட்ட கட்டைக்கூட வாரம் ஒருமுறை பிரித்து மாற்றினார். ஒடிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்டு. நடு விரல்கள் இரண்டு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த விரல்கள் தினம் இருவேளை சோதிக்கப்பட வேண்டும். வீங்கி விலகினாலோ, சில்லிட்டாலோ, கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும் என்பது உத்தரவு.

இவ்வளவும் உடம்புக்கு ஆன சிகிச்சை. மனசுக்கு ஒன்று பாக்கி இருந்தது. அது பூரியின் மனசு அல்ல.

சித்தப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. கார்ச் சாவியைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். குட்டி இருந்த அறைப் பக்கமே போகவில்லை. நான் அருகில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு மனுநீதிச் சோழன் கதையைப் பாடம் நடத்தினேன். தேர்க்காலில் கன்று அகப்பட்டதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைக்கும். அப்படிப்பட்ட நான்..." மேலே பேச முடியவில்லை அவருக்கு.

திருவாரூர்க் கோயிலுக்குப் போனவர்கள் அந்தக் கதையைக் கல்லில் வடித்த தேரைப் பார்த்திருப்பார்கள். கன்றை இழந்த பசு மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். நீதிக்கு அதைவிடப் பெரிய உதாரணம் தமிழில் ஏது? அந்தப் பெருமையை நினைத்து நான் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தேன். நிலைப்படியில் நின்ற சித்திதான் பேசினாள்.

"சோழன் கதையிலே கன்னு செத்துப்போச்சு. அவனாலே நீதிதான் குடுக்க முடிஞ்சுது. நம்ம குட்டி உசிரோட இருக்குங்க. அதுக்கு நீதி வேண்டாம், மருந்து வேணும். மணி பத்தாச்சு, வந்து குடுங்க."

பெரிய புராணத்துக்கு இப்படி ஓர் உரையை நான் எங்கும் படித்ததில்லை! சித்தப்பா எழுந்து உள்ளே போனார். ஊசிமுனை இல்லாத சிரிஞ்சில் மருந்தை அளந்து, கடைவாயில் மெதுவாக விட்டார். பூரி விழுங்கிவிட்டு, கட்டுப் போட்ட அவருடைய கட்டைவிரலை ஒருதரம் நக்கிற்று. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து தலைமை நர்ஸ் அவர்தான். டெலிவிஷன் வந்த அட்டைப் பெட்டியை அறுத்து ஆஸ்பத்திரிக் கட்டில் செய்தார். குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. வெளிக்குப் போக வேண்டுமானால் இரு கையாலும் ஏந்திக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் தூக்கி வர வேண்டும். கட்டு நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துப் புண்ணாகும். குட்டி கட்டைக் கடிக்கத் தொடங்கியபோது, தம்முடைய பழைய மார்பு எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக் கழுத்துக்குப் புனல் தைத்துவிட்டார். "என் நெஞ்செலும்பை மாலையாகப் போட்டுக்கொண்டிருக்கிற ஜீவன் இது ஒன்றுதான்" என்று டெலிபோனில் என்னிடம் சொன்னார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

இரண்டாம் வாரக் கட்டுக்கு நானும் போயிருந்தேன். இந்தத் தடவை அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி. அங்கே உட்கார்ந்திருந்தால் புதுக்கோட்டை மாவட்டமே வரிசையாக வரும். காது வெட்டுப்பட்ட வெள்ளாடு. கூடையில் தூங்கி வழியும் கோழி. பால் மறத்த பசு. நடுவில், மூக்கணாங்கயிற்றோடு கம்பீரமாக ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. வாடிவாசல்களுக்குப் பெயர்போன மாவட்டம் அல்லவா? பொங்கலுக்கு முன்பே தச்சங்குறிச்சியில் காளைகள் சீறிப்பாயத் தொடங்கிவிடும்; களத்தில் இறங்குமுன் ஒவ்வொரு காளையையும் கால்நடை டாக்டர்கள் சோதிப்பார்கள். அவ்வளவு பெரிய காளை ஊசியைப் பார்த்ததும் நாலடி பின்வாங்கிற்று. பூரியோ சித்தப்பாவின் கையில் சிங்கம் போல் உட்கார்ந்திருந்தது. தரையில் மட்டும் அதை விடவில்லை. தடுப்பூசி முடியாத குட்டிகளை ஆஸ்பத்திரித் தரையில் இறக்கிவிட்டால், ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் பார்வோ போன்ற நோய்கள் தொற்றிக்கொள்ளும். வந்தது காலுக்கு, போனது உயிர் என்று ஆகக் கூடாதே!

"ஒரு தெருநாய்க்கா இவ்வளவு பாடு, இவ்வளவு செலவு?" என்று பெஞ்சியில் இருந்த ஒரு மாமி கேட்டாள். கேலியாக இல்லை, உண்மையான சந்தேகமாகவே கேட்டாள். "விலை குடுத்து வாங்கினாத்தான் உசிருக்கு மதிப்பாம்மா?" என்று சித்தி திருப்பிக் கேட்டாள். மாமி யோசித்தாள். பிறகு தன் முந்தானையில் பொதிந்திருந்த பூனைக்குட்டியைக் காட்டி, "இதையும் நான் விலை குடுத்து வாங்கலை" என்று சொல்லிச் சிரித்தாள்.

மனிதனுக்கு வைத்தியக் கல்லூரிகள் தோன்றிப் பல நூற்றாண்டு கழித்துத்தான் மிருக வைத்தியத்துக்கென்று தனிக் கல்லூரி, 1761-ல் பிரான்ஸில் லியோன் நகரத்தில் தோன்றியது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் ஆரம்பமாயிற்று. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில், 2012-லிருந்து ஒரு கல்லூரி நடக்கிறது. வாயில்லா ஜீவன்களுக்காக நம் தேசத்தில் சட்டம் பிறந்ததற்கும் ஒரு தமிழ்ப் பெண்மணிதான் காரணம். மதுரையில் பிறந்து பரதநாட்டியத்துக்கு மறுவாழ்வு தந்த ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபையில் இதற்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் பயனாக 1960-ல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. 1962-ல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவியானார். பிராணியை வைத்திருப்பவர் அதற்கு வீண் வேதனை நேராமல் பார்த்துக்கொள்வது கடமை என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. தற்செயலோ என்னவோ, இன்று கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கிற டெலிபோன் எண்ணும் 1962-தான்! அது பெரும்பாலும் கிராமத்து ஆடு மாடுகளுக்காக ஓடுகிற வண்டி. பட்டணத்து நாய்க்கும் பூனைக்கும் உங்கள் பேட்டை டாக்டரின் எண்ணே கைகொடுக்கும். அதைக் காலண்டரின் ஓரத்தில் இன்றே எழுதி வையுங்கள். ஆபத்து வந்தபின் தேடினால் பேனாவும் அகப்படாது, எண்ணும் அகப்படாது.

நான்கு வாரம் முடிந்து பூரியின் கட்டைப் பிரித்தபோது எங்களுக்குச் சந்தோஷத்தைவிடத் திகைப்புத்தான் அதிகம். கால் குச்சியாக மெலிந்திருந்தது. தரையில் ஊன்றவே மறுத்தது. "சதை கரைந்திருக்கிறது, திரும்பி வரும். ஓட விடாதீர்கள், கயிற்றில் கட்டி மெதுவாக நடத்துங்கள். மெதுவாக நடந்தால்தான் நாலாவது காலை ஊன்றும், ஓடினால் மூன்று காலால் சமாளித்துவிடும்" என்றார் டாக்டரம்மாள். எவ்வளவு உண்மை! சித்தப்பா தினம் விடியற்காலையில் அவளை மெதுவாக நடத்திக்கொண்டு போனார். முதல் வாரம் தெருமுனை வரையில். இரண்டாம் வாரம் கோயில் வரையில். மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. அவர் விரலுக்கும் நான்கு ஊசியும் முடிந்தன. இருவரும் ஒரே காலத்தில் குணமானார்கள் என்று சித்தி சொல்லுவாள்.

இப்போது பூரி முழுநாய். அவசரமாகத் திரும்பும்போது மட்டும் இடதுகால் கொஞ்சம் சாயும். தெரிந்தவர்கள் கண்ணுக்குத்தான் அது தெரியும். வாசலில் மறுபடியும் ஒற்றைச் செருப்புகள்.

சித்தப்பா கார்ச் சாவியை மறுபடி எடுக்கச் சில வாரங்களாயிற்று. இப்பொழுது ஓட்டுகிறார். ஆனால் வண்டியை எடுக்குமுன் முன்பக்கத்து மூடியை இரண்டு தட்டுத் தட்டுகிறார். மழைநாளில் சூட்டுக்காக எஞ்சினுக்குள் ஏறிப் படுக்கிற பூனைகள் அந்தச் சத்தத்தில் இறங்கி ஓடிவிடும். பிறகு தரையில் கையூன்றி, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டே ஏறுகிறார்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு விஷயம் தெரியாது. "சாருக்கு வயசாக ஆக பக்தி முத்திப்போச்சு. காரைக்கூட விழுந்து கும்பிட்டுத்தான் எடுக்கிறார்!" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

சொல்லட்டுமே! நாளைக் காலையில் உங்கள் வீட்டு வண்டி புறப்படும்போது, அப்படி ஒரு கும்பிடு போட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும்.